காகிதம் காயும்வரை

செல்வின் எழுந்தான். பால் பாக்கெட்டை வெட்டிச் சட்டியில் ஊற்றினான். காப்பி, ஒரு தம்ளர். குளித்தான். வண்டியை எடுத்துக்கொண்டு கல் கொத்தும் சூசைமுத்துவின் பட்டறைக்குப் போனான். கல்லறைத் திருநாளுக்குள் மனைவி ஜூலியட்டின் கல் தயாராக வேண்டும்.

மாமியார் அந்தோணிமேரி முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெயரும் தேதிகளும் வெட்டியாகிவிட்டன. கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது.

“கடைசியா அவ சொன்ன ‘மாதாவே’தான் வரணும், மாப்ள. நாமளா ஒண்ணும் சேக்க வேணாம்.”

“ஊரு கல்லையெல்லாம் படிக்கிறவரு, ஒங்க வீட்டுக் கல்லுக்கு இப்புடி யோசிக்கிறீங்களே சார்” என்றார் சூசைமுத்து.

ஊர்க் கல் படிக்கும் கிறுக்கு அவனுக்கு ஹார்விக்கிடமிருந்து வந்தது. விக்டோரியா மகாராணி காலத்தில் தரங்கம்பாடியில் தங்கி, சுற்றுவட்டாரக் கல்வெட்டுகளைப் படியெடுத்த வெள்ளைக்காரர். ஈரக் காகிதத்தைக் கல்லில் பிரஷ்ஷால் அறைந்து ஒட்டி, மை ஒற்றி, நன்றாகக் காய்ந்தபின் உரிக்க வேண்டும். செல்வினும் அப்படித்தான் எடுப்பான். ஹார்விக்கின் மனைவி காரைக்கால் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறாள். கணவன் கையைப் பிடித்தபடி கர்த்தரை அழைத்துக் கண்மூடினாள் என்கிறது கல். அவள் இறந்த அதே தேதியில் ஹார்விக் சுரக்குடியில் எடுத்த படி ஒன்று செல்வினுக்குக் கிடைத்தது. ‘கல்லும் பொய் சொல்லும்’ என்று ஆய்வேட்டில் எழுதினான். டைப் செய்துகொண்டிருந்த ஜூலியட், “பாவம், விட்டுடுங்களேன்” என்றாள். அவன் விடவில்லை.

ஜூலியட் இறந்த அன்று அவன் விழிதியூரில் படியெடுத்துக்கொண்டிருந்தான். மதியம் போன் செய்தாள். நெஞ்சைப் பிடிக்கிறதாம். வாயுவாக இருக்கும் என்றான். அவளும் அப்படித்தான் நினைத்தாள். கல்லில் காகிதம் ஈரமாக இருந்தது, உரித்தால் கிழியும். அவன் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் கிடந்தாள். உடம்பு ஆறியிருந்தது. சாவுக்கு வந்த மாமியார், கடைசியாக என்ன சொன்னாள் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ‘மாதாவே’ என்று வாயில் வந்ததைச் சொன்னான். அவன் பக்கத்தில் இருந்ததாக அவரே எடுத்துக்கொண்டார்.

சூசைமுத்து பென்சிலைக் கல்லில் வைத்தார். “வெட்டிட்டா அழிக்க முடியாது சார். ‘மாதாவே’தானே?”

“அத்தை,” என்றான் செல்வின். “நான் அப்ப அங்க இல்ல.”

பென்சில் நின்றது. அந்தோணிமேரி முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கல்லைப் பார்த்தபடி கேட்டார்.

“அப்ப எம்பொண்ணு என்னதான் சொன்னா?”

“போன்ல சொன்னா, அத்தை. ‘காகிதம் காஞ்சப்புறமே வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.’”