சவர்க்காரப் பாட்டுக்கு வருகிறவன்

செத்துப் பதினாறாம் நாள், கருமாதிச் சமையல் அடுப்பில் இருந்தபோது, பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து நிமலன் லயத்து வரிசையில் தன் வீடான காம்பராவின் அடுப்படி வாசலில் இருபத்தெட்டு செக்கன் நின்றுவிட்டுப் போனான். காலை ஏழு மணிச் செய்திக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வானொலியில் வெள்ளிமலர் சவர்க்கார விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பாடியவன் அவன்தான். பாட்டு தொடங்கியதும் வந்தான்; பாட்டு முடிந்ததும் இல்லாமல் போனான். ஒலிப்பதிவுக்குப் போன அன்று போட்டிருந்த நீலக் கோடு சட்டையைப் போட்டிருந்தான். முகத்தில் குளவி கொட்டிய வீக்கம் இல்லை. நிழல் தரையில் சரியாக விழுந்தது. நாய் வாலை ஆட்டியது. அவன் மனைவி விஜயலெட்சுமி கரண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றதில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. கருமாதிக்கு வந்தவர்கள் அந்தப் பருப்பையே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தோட்டத்துப் பதிவில் நிமலன் பாடகன் அல்ல, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். சாவதற்கு இரண்டு வருடம் முன்பு மாரியம்மன் திருவிழாக் கச்சேரிக்குப் பதுளையிலிருந்து வந்த இசைக்குழுவின் பாடகர், ஹாலிஎலைக்குப் பக்கத்தில் மண் சரிந்து வழியில் நின்றுவிட்டார். கூட்டம் கல்லெறியத் தொடங்குவதற்குள் யாரோ நிமலனை மேடையில் ஏற்றிவிட்டார்கள். கச்சேரிச் செலவு சவர்க்காரக் கொம்பனியுடையது. அதனால் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை சவர்க்காரத்தின் பெருமையை வாசிக்க வேண்டும் என்று ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். நிமலனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வெட்கமாக இருந்தது. அதனால் பாடிவிட்டான். ‘கறையும் போகும், கவலையும் போகும், வெள்ளிமலர் வீட்டுக்கு வந்தால்.’ சனம் சினிமாப் பாட்டை விட்டுவிட்டுச் சவர்க்காரத்தை மறுபடியும் கேட்டது. அடுத்த வாரம் கொம்பனிக்காரர்கள் அவனைப் பதுளைக்குக் கூட்டிப்போய், ஒரு புடவைக்கடை மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறையில் நாற்பத்தொரு தடவை பாடவைத்தார்கள். மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சலும் வரும்போது இரண்டு பெட்டி சவர்க்காரமும் கிடைத்தன.

ஆறு மாதத்துக்குள் ஊவா மாகாணம் முழுக்க அந்தப் பாட்டுதான். பீலித் தண்ணீரில் துவைக்கும் பெண்கள் அதன் தாளத்துக்கே துணியை அடித்தார்கள். அந்த வருடம் தோட்டத்துச் சட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில் கிழிந்தன. மலையில் கொழுந்து பறிக்கும் கைகள் ‘கவலையும்’ என்ற இடம் வந்ததும் தாமாகவே கூடைக்குப் போயின. தேர்தலில் நின்ற ஒருவர் சவர்க்காரத்தை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு அதே மெட்டில் லவுட்ஸ்பீக்கர் வண்டி விட்டார், வென்றும் விட்டார். நிமலனின் அப்பா மாடசாமி மட்டும் அதைக் காதில் வாங்கவில்லை. பாட்டுக்காரன் குடும்பம் உருப்படாது என்பது அவருடைய எண்ணம். மகன் மேடையேறிய அன்றும் அவர் காம்பராவில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

பிறகு ஒரு தை மாதம், ஒன்பதாம் நம்பர் மலையில் கவ்வாத்துக் கத்தி ஒரு குளவிக் கூட்டில் பட்டது. குளவிகள் கொட்டியவனைக் கொழுந்து லொறியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லொறியில் நிமலன் விஜயலெட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தான். தொண்டை வீங்கி அடைத்திருந்ததால் உதடு மட்டும் அசைந்தது. ஹாலிஎல தாண்டும்போது பிடி விட்டுப்போயிற்று. அவன் என்ன சொல்ல வந்தான் என்பது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் திரும்பி வந்ததும் அவள் முதலில் கேட்டது அதைத்தான். ஆனால் அவனால் சொல்ல முடியவில்லை. பாட்டு அவனைக் கூட்டிவந்தது; பாட்டு இருக்கும் வரைக்கும்தான் இருந்தான்; இருக்கும் வரைக்கும் வாயில் பாட்டு இருந்தது. கறையும் போகும் என்று பாடியபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணில் இருந்தது வேறு.

கொஞ்ச நாளில் எல்லாருக்கும் முறை விளங்கிவிட்டது. பகலில் மூன்று தடவை, மாலைச் செய்திக்கு முன் ஒரு தடவை வருவான். தீபாவளி வாரத்தில் நாளுக்கு இருபது தடவை, சித்திரை வருடப்பிறப்புக்கு நாற்பது தடவை. விஜயலெட்சுமி வானொலியைக் கூடைக்குள் வைத்து மலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மலைக்கு அவன் வரவில்லை. பண்டாரவளையில் தொலைபேசி திருத்தும் றில்வான் அந்தப் பாட்டைப் பதிந்து கொடுத்தான். அதைப் போட்டால் பாட்டு மட்டும் வந்தது. றில்வான் காசு வாங்க மறுத்துவிட்டான். “யாவாரத்துக்குப் போற பாட்டுக்குத்தான் வாராரு போல, தங்கச்சி,” என்றான்.

தொழிற்சங்கத் தலைவர் தோட்ட ஆபீசுக்குப் போய், நிமலன் வந்துபோவதால் அவன் பெயரைச் சம்பளப் பதிவான செக்ரோலில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார். சாதாரண நாளில் எல்லாம் சேர்த்தாலும் இரண்டு நிமிடம் தேறவில்லை, அதற்கு அரைநாள் கூலிக்கான அரைப்பேர்கூடப் போட முடியாது என்று பெரிய கிளாக்கர் கணக்குப் பார்த்துச் சொன்னார். கோயில் பூசாரி, ஆவி என்றால் ஓட்டலாம், விளம்பரத்தை ஓட்டத் தனக்கு மந்திரம் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

வாய்தான் அடைபட்டிருந்தது, கைகள் சும்மாதான் இருந்தன. மகள் யசோதினிக்கு அப்போது ஏழு வயது. காலை விளம்பரத்துக்கு அவள் தலையை விரித்துக்கொண்டு வாசலில் முதுகைக் காட்டி உட்காருவாள். நிமலன் பாடிக்கொண்டே நாலு பின்னல் பின்னுவான். மீதியை அம்மா பின்னுவாள். மேலே இறுக்கமும் கீழே தளர்வுமான அந்தச் சடையோடு இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போனாள். மாடசாமி முதல் மாதம் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டாம் மாதம் திரும்பி உட்கார்ந்தார். ஒரு நாள் மத்தியானம், மகன் பாதிப் பாட்டில் நிற்கும்போது, “ரொம்ப வலிச்சிச்சாடா?” என்று கேட்டார். நிமலன் பாடிக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினான். அப்பனிடம் சின்ன வயதில் பொய் சொல்லும்போது ஆட்டுகிற மாதிரியே ஆட்டினான். அதற்குப் பிறகு கிழவர் ஒரு விளம்பரத்தையும் தவறவிடவில்லை. தெருவில் அந்த அரசியல்வாதியின் வண்டி அதே மெட்டோடு போனாலும் எழுந்து நின்று வாசலைப் பார்ப்பார். அதற்கு யாரும் வரமாட்டார்கள்.

அப்புறம் நாட்டில் எண்ணெய் இல்லாமல் போனது, மாவு இல்லாமல் போனது, மின்சாரம் நேரம் பிரித்து வெட்டப்பட்டது. சவர்க்காரம் செய்யச் சாமான் வராததால் கொம்பனி விளம்பரத்தைச் சுருக்கியது. இருபத்தெட்டு செக்கன் பதினைந்தானது. யசோதினியின் சடையில் அப்பாவின் பின்னல் இரண்டானது. பதினைந்து ஏழானபோது, அவன் சீப்பைக் கையில் எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. விஜயலெட்சுமி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கங்காணியிடம் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, ஹல்துமுல்லை வரை மரக்கறி லொறியிலும் அங்கிருந்து நின்றபடியே பஸ்ஸிலும் கொழும்புக்குப் போனாள்.

வானொலி நிலையத்தில் விளம்பரங்களுக்கு நேரம் ஒதுக்கும் மேசையில் சிவரூபி என்ற யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தாள். விஷயத்தைக் கேட்டு அவள் சிரிக்கவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை. எத்தனை செக்கனுக்கு வருகிறவர், ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு பேனையை மூடி வைத்தாள்.

“அக்கா, இது எங்கட கையில இல்லை. கொம்பனி இந்த மாசக் கடைசியோட நிப்பாட்டச் சொல்லிப்போட்டுது.”

விஜயலெட்சுமி அழவில்லை. அழுவதற்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை என்று பஸ்ஸிலேயே நினைத்திருந்தாள். “அவரு வாயி கொஞ்சம் சும்மா இருக்கிற மாதிரி ஒரு பாட்டு இல்லீங்களா?” என்று கேட்டாள். “ஒரு வார்த்தை பேசுற அளவுக்கு இருந்தாப் போதுங்க.”

சிவரூபி கணினியில் வெகுநேரம் தேடினாள். முதல் முதலில் செய்து, நீளம் என்று ஒதுக்கிவிட்ட நாற்பத்தைந்து செக்கன் பாட்டு ஒன்று கிடந்தது. அதன் நடுவில் ஐந்து செக்கன் புல்லாங்குழல் மட்டும். அந்த இடத்தில் நிமலன் பாடவில்லை. இரண்டு பெண்களும் அந்த ஐந்து செக்கனைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். மாதக் கடைசி நாள், மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு, ஏழு செக்கனுக்குப் பதில் இதை ஒரே ஒரு தரம் போட்டுவிடுகிறேன், கேட்டால் கைதவறிப் போனது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாள் சிவரூபி. அதற்காக அவளுக்குப் பின்னால் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

மாதக் கடைசி நாள் மத்தியானம் பூனாகலையில் மின்வெட்டு. கடைகளில் பெட்டரி இல்லை. றில்வான் தன் கடையிலிருந்த நாலு சுவர்க்கடிகாரங்களிலிருந்தும் கழற்றிக் கொடுத்த பெட்டரியில் வானொலி பாடியது. விஜயலெட்சுமி கேட்க வேண்டியதை ஒரே வார்த்தையாகச் சுருக்கி வைத்திருந்தாள்: “என்னா?” லொறியில் என்ன சொல்ல வந்தாய் என்பது அதற்குள் இருந்தது. யசோதினி தலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாடசாமி வேட்டி மாற்றிக்கொண்டார்.

நிமலன் வந்தான். பாடினான், பின்னினான். இருபதாவது செக்கனில் புல்லாங்குழல் தொடங்கியது, அவன் வாய் நின்றது. விஜயலெட்சுமி, “என்னா?” என்றாள்.

அவன் மூச்சு வாங்கினான். இரண்டு வருடமாக ஒருமுறையும் மூச்சு விடாமல் பாடியவன் அவன் என்பது அப்போதுதான் அங்கிருந்தவர்களுக்கு உறைத்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, தோளெலும்பு இரண்டும் மேலே ஏற, தண்ணீருக்குள்ளிருந்து வந்தவன் போல இழுத்து இழுத்து வாங்கினான். நாலு செக்கன் அதிலேயே போனது. ஐந்தாவது செக்கனில், “தண்ணி,” என்றான். அவள் பானைப் பக்கம் திரும்பி டம்ளரை முக்கி எடுத்துத் திரும்புவதற்குள் பாட்டு மறுபடி ஏறிவிட்டது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள். வெள்ளிமலர் வீட்டுக்கு வந்தால் என்று பாடுகிற வாயில் தண்ணீர் போகவில்லை, சட்டையில் வழிந்தது. அவன் போன பிறகு வாசலில் ஈரம் மட்டும் கிடந்தது.

லொறியில் சொல்ல வந்ததும் அதுதானா என்று அவளுக்குத் தெரியாது. அதுதான் என்று மாடசாமி சொன்னார். அன்றைக்கு லொறியில் ஒரு போத்தல் தண்ணீர் அவள் காலடியிலேயே இருந்தது. அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. அடுத்த மாசி மாதம் மாடசாமி, வாசலைப் பார்த்தபடி, உட்கார்ந்த இடத்திலேயே இறந்தார். அவருக்கென்று எந்தப் பாட்டும் இல்லாததால் அவர் திரும்பி வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து வெள்ளிமலர் மறுபடியும் கடைக்கு வந்தது. புதுப் பாட்டு, கொழும்புப் பாடகி. ஆனால் கடைசியில் சவர்க்காரத்தின் பெயரைச் சொல்லும் இடத்தில் மட்டும், சனத்துக்குப் பழகிய குரல் என்று நிமலனின் குரலையே வைத்துக்கொண்டார்கள். அது இரண்டு செக்கன். இரண்டு செக்கனுக்கு முழு ஆள் வருவதில்லை. நீலக் கோடு போட்ட சட்டைக் கையோடு வலது கை மட்டும், முழங்கை வரைக்கும், நிலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீளும். விஜயலெட்சுமி வாசலோரம் ஒரு முக்காலியில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறாள். விரல்கள் டம்ளரைத் தொடும். தூக்குவதற்கு நேரம் போதாது. தூக்கினாலும் குடிக்க வாய் வருவதில்லை. யசோதினிக்கு இப்போது பன்னிரண்டு வயது. தன் சடையைத் தானே முழுக்கப் பின்னிக்கொள்கிறாள். காலையில் பெயர் சொல்லி முடிந்ததும், அசைந்த டம்ளரை அவளோ அம்மாவோ நேராக வைத்துவிட்டு, ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கும் ஒருத்தி மலைக்கும் போகிறார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் கடந்து போகும்போது கால் படாமல் முக்காலியைச் சுற்றிப் போகிறார்கள்.