தாள மெசினும் ஃபஸ்லானின் பெருவிரலும்

புத்தளத்தில் கடை வைத்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஒரு சாமானை அளவாகப் புகழத் தெரியாது. ஃபஸ்லானின் மூத்தப்பா கருவாடு விற்றார், வாப்பா துணி விற்றார். ஃபஸ்லான் தாளம் விற்றான். கண்டக்குழிக் கடற்கரையில் வெளிநாட்டுக்காரருக்கு அறை விடும் அபூசாலியின் விடுதியில், சீசன் முழுக்க மாலையில் அஸர் தொழுகைக்கும் மஃரிபு தொழுகைக்கும் இடையில் வாசிக்கும் வேலை கிட்டத்தட்ட அவன் கைக்கு வந்துவிட்டது. பாட ஸுஹைப், தாளத்துக்கு ஃபஸ்லான். அதோடு அபூசாலி நானாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அவன் பையைத் திறந்து புது மெசினை எடுத்தான்.

கால் றாத்தல் பாண் ரொட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. நாற்பது வருசத்துக்கு முந்திய ஜப்பான் தாள மெசினின் நகல். அசல் ஒன்றும் அவனிடம் இருந்தது. உப்புக் காற்றில் துருவேறிச் செத்துப் போனது. நகலுக்குள் இருப்பதெல்லாம் கம்பியூட்டர் கணக்கு. வெளியே வருவது மட்டும் அதே பழைய சத்தம்.

"பழைய மெசின் கொஞ்சம் கரகரக்கும் நானா. சூடேறினாச் சுருதி இறங்கும். அதயும் அப்படியே செஞ்சிருக்கான். இந்தக் குமிழத் திருப்பினா, எவ்வளவு பழசு வேணுமோ அவ்வளவு பழசாகும்."

"அப்ப பழுதையும் சேத்துத்தான் விக்கிறானா?"

"பழுதுக்குத்தான் நானா விலையே."

அபூசாலி கதிரையில் நிமிர்ந்தார். கற்பிட்டி வெங்காயத்தில் பெரிய ஆளானவர் அவர். அழுகலைப் பொறுக்கியெடுத்துத் தனி விலை வைக்கும் இந்த வித்தை தனக்கு ஏன் இத்தனை காலமும் தோன்றவில்லை என்ற கவலை முகத்தில் தெரிந்தது.

வாடிக்கையாளர் நிமிர்ந்தால் ஃபஸ்லானுக்கு வாய் நிற்காது. "தாளம் பிசகாது. களைக்காது. தேத்தண்ணி கேக்காது. கரண்ட் போனாலும் பற்றரியில ஓடும். ஒரு பட்டன அமத்தினாச் சரி, சின்னப் புள்ளையும் வாசிக்கும்."

"சின்னப் புள்ளையுமா?"

"கண்ண மூடிட்டு."

"அப்ப நீ எதுக்கு மகன்?" என்றார் அபூசாலி, மிகவும் அன்பாக.

மெசினை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். பட்டனைத் தானே அமத்துவதாகச் சொல்லிவிட்டார்.

"சாமான வித்துட்டு வருவாங்க எண்டு தெரியும்," என்றாள் அன்று இரவு வீட்டில் ஃபஸ்லானின் மனைவி அஸ்னா. "தன்னையும் சேத்துத் தள்ளுபடியில போட்டுட்டு வந்த மனிசன இப்பத்தான் பாக்கிறன்."

அடுத்த நாள், மெசினில் உப்புக் காற்றுப் படுகிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஃபஸ்லான் விடுதியின் தென்னைகளுக்குள் போய் நின்றான்.

ஸுஹைபுக்கு ஒரு பழக்கம். கேட்பவர்களில் யாராவது கண்ணை மூடினால், பாட்டில் அந்த இடத்திலேயே நின்று ராகத்தை இழுப்பான். அவன் இழுக்கும்போது ஃபஸ்லானின் பெருவிரல் வேகக் குமிழை மெல்லப் பின்னால் தள்ளும். மூச்செடுத்ததும் முன்னால் தள்ளும். அதை ஒரு வேலை என்று ஃபஸ்லானே நினைத்ததில்லை.

அன்று ஒரு வெள்ளைக்காரி கண்ணை மூடினாள். ஸுஹைப் இழுத்தான். மெசின் காத்திருக்கவில்லை. பாலாவிச் சந்தியில் பஸ்ஸைத் துரத்துகிறவன் மாதிரி, ஸுஹைப் இரண்டு வரியை விழுங்கிவிட்டு ஓடிப் பிடித்தான். உதவி செய்ய எண்ணி அபூசாலி ஒரு பட்டனை அமத்தினார். தாளம் இரட்டை வேகத்தில் பாய்ந்தது. இன்னொன்றை அமத்தினார், மணியும் சேர்ந்துகொண்டது. ஸுஹைப் மைக்கை வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தான். மெசின் தனியாகக் கச்சேரி நடத்தியது. பள்ளியில் மஃரிபு வாங்கு சொல்ல நேரமாகிக்கொண்டிருந்தது. அபூசாலி வியர்த்துப்போய் வயரைப் பிடுங்கினார். அது பற்றரியில் ஓடியது.

தென்னைகளுக்குள்ளிருந்து ஃபஸ்லான் வந்து ஒரு விரலால் நிறுத்தினான்.

"பழுதான சாமானத் தந்திருக்காய்," என்றார் அபூசாலி.

ஓம் என்றால் வாடகையும் போய், மெசினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இல்லை, நல்ல மெசின் என்றால் அவன் எதற்கு என்ற பழைய கேள்வி வரும். ஃபஸ்லான் பெருவிரலைத் தடவிக்கொண்டு நின்றான்.

"பழுதில்ல நானா. பாடுறவன்ட முகத்தப் பாக்க அதுக்குக் கண் இல்ல."

"கரகரப்பையெல்லாம் தேடிச் செஞ்சவன் அத ஏன் விட்டான்?"

"அது பழைய மெசினுக்குள்ளயும் இருக்கல்ல. என்ட கையிலதான் இருந்திருக்கு."

"இவன் இல்லாட்டி நாளைக்கு நானும் இல்ல," என்றான் மணலிலிருந்து ஸுஹைப். "பாடச் சொன்னாப் பாடுவன். ஓடிட்டே பாட என்னால ஏலா."

அபூசாலி இருவரையும் பார்த்தார். கடலைப் பார்த்தார். "சரி, சீசன் முடியிற மட்டும் வா. ஆனா பாதி வேலைய மெசின்தான் செய்யுது. அத மனசில வெச்சுச் சம்பளத்தக் கேளு."

ஃபஸ்லான் பெட்டியைக் கையில் எடுத்து, முதன்முதலாகக் காண்பவன்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதா? பாதி வேலையா? நானா, இது ஒண்டுக்கும் உதவாத சாமான்."