வேலியோரத்து ஏழு செடி

1

"ஒங்கம்மா புடுங்கிப் போட்டது பேனை இல்ல. பேனைத் திங்கிற பூச்சியை."

"புடுங்கச் சொன்னது யாரு? ஒங்கப்பாதானே மண்டோரு?"

"எங்கப்பா டின்னு நெறையணும்னுதான் சொன்னாரு. எதைப் போடுறோம்னு பாக்குறது கை வச்சவங்க வேலை."

"எங்கம்மா ரெண்டு டின்னு போட்டுச்சு. சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படும். நான் ஒத்தப் புள்ள, என்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லும்? வேலியோரம் எட்டு செடி தப்பிச்சதைப் பாத்ததும் எங்கம்மாதான். ஒங்கப்பா இல்ல."

"எட்டு இல்ல, ஏழு. அந்தப் பாலை எனக்கும்தான் ஊத்துனாங்க. மூக்கைப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சவளுக்குத் தெரியாதா?"

இது நான் எழுதுனது இல்ல. காதால கேட்டது. (மண்டோருன்னா தோட்டத்துல வேலை வாங்குற கங்காணி.) இங்க மலேசியாவுல பெடாஸ்ங்கிற ஊர்ல ஒரு கல்யாணம், மண்டபத்துக்குப் பின்னால கை கழுவுற எடம். அந்த ஐயாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். அம்மாவுக்கு இன்னும் அஞ்சாறு வயசு கூட இருக்கும். ரெண்டு பேர் கையிலயும் சாம்பார் காஞ்சு போயிருந்துச்சு, ஆனா குழாய் பக்கம் போகல. நான் கழுவுன கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள எங்க வீட்டுக்காரி போட்டோவுக்குக் கூப்புட்டுட்டாங்க. திரும்பி வந்து பாத்தா ரெண்டு பேரையும் காணோம்.

கதை எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா இவ்வளவுதான் லா. மிச்சத்தை நான் கட்டியிருக்கேன். பேரெல்லாம் நான் வச்சது. தோட்டத்துப் பேரு எனக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் போட மாட்டேன்.

2

மொதல்ல இப்படி ஆரம்பிச்சேன்:

"செங்கதிரோன் ரப்பர்க் காட்டின் மேல் தன் பொற்கரங்களை விரிக்க, பஞ்சாலை தன் உளியை எடுத்"

நிறுத்திட்டேன். பால்மரம் வெட்டுறவங்க அந்த நேரத்துல வானத்தைப் பாக்க மாட்டாங்க, பட்டையைப் பாப்பாங்க. அதோட அதை உளின்னு யாரும் சொல்றதில்ல, பால்வெட்டுக் கத்திதான்.

அடுத்து:

"1951-ஆம் ஆண்டு மலாயா அவசரகாலத்தின்போது தோட்டப் பாட்டாளிகள் முள்கம்பி வேலிக்குள் குடியமர்த்தப்பட்ட"

என் மகள் படிச்சிட்டு, "அப்பா, எஸ்.பி.எம். பரிச்சையா எழுதுறீங்க?"ன்னா. இதையும் விட்டுட்டேன்.

சரி, வாயால சொல்ற மாதிரியே சொல்லிடறேன்.

பஞ்சாலைக்கு ஒரே புள்ள. அர்ச்சுனன். ஒன்றரை வயசு. லயத்து வீடுங்களையெல்லாம் ஒண்ணாச் சேத்து கம்பிவேலி போட்டப்போ, வேலிக்குள்ள மேய எடம் இல்லன்னு மாடுங்களை வித்துட்டாங்க. மாட்டுப்பால் போச்சு. டின் பால் குடுத்தா புள்ளைக்கு வயித்தால போகுது. ஒன்றரை வயசுப் புள்ள, எட்டு மாசப் புள்ள எடைதான் இருந்துச்சு. நடக்க ஆரம்பிச்சு, மறுபடி உக்காந்துட்டான்.

(புருஷன் எங்கன்னு கேப்பீங்க. சன்னாசின்னு பேரு வச்சு, ரப்பர் ஸ்டோர்ல வேலையும் போட்டுக் குடுத்தேன். இந்தக் கதையில அவருக்குச் செய்ய ஒண்ணும் இல்ல. ஸ்டோர்லயே இருக்கட்டும்.)

தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற டிரஸ்ஸர் சிவானந்தன், யாழ்ப்பாணத்து மனுஷன், சிரம்பான்லேருந்து சோயா பயறு வாங்கிட்டு வந்தாரு. இதை ஊறவச்சு அரைச்சு வடிகட்டிக் காய்ச்சுனா பால் மாதிரியே இருக்கும், புள்ளைங்க வயித்துக்கு ஒத்துக்கும்னாரு. ஒரு தடவ காய்ச்சியும் குடுத்தாரு. அர்ச்சுனன் குடிச்சான். குடிச்சது வயித்துல தங்குச்சு. பஞ்சாலைக்கு அது போதும்.

ஆனா வெளியிலேருந்து மூட்டை மூட்டையா பயறு கொண்டாந்தா கேட்டுல புடிச்சுக்குவாங்க. காட்டுல ஒளிஞ்சு இருக்குறவங்களுக்கு, அதான் கம்யூனிஸ்ட்டுங்களுக்கு, போகுதுன்னு சந்தேகம். அதனால, வேலைக்குப் போறவங்க புள்ளைங்களை விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டகைக்குப் பின்னால, கம்பிவேலி வரைக்கும் இருந்த துண்டு எடத்துல பயிர் பண்ணிக்கச் சொல்லி தொரை உத்தரவு குடுத்துட்டாரு.

வெதைச்சு ரெண்டு வாரம் கழிச்சு, புதுசா ஒரு உத்தரவு வந்துச்சு. வேலியிலேருந்து ஆறடிக்குள்ள யாரும் கால் வைக்கக் கூடாது. ஒரு வெள்ளைக் கயிறு கட்டுனாங்க. கயித்துக்கு அந்தப் பக்கம் ஏழு செடி மாட்டிக்கிச்சு.

இந்தக் கயித்தை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

3

செடி முழங்கால் ஒசரம் வந்தப்போ பேன் புடிச்சுச்சு. புஸ்தகத்துல அசுவினின்னு போட்டிருக்கு. கடுகை விடச் சின்னது, பச்சையா, எலைக்கு அடியில அப்பிக்கிட்டு சாறை உறிஞ்சும். எல சுருண்டுக்கும், தொட்டா பிசுபிசுன்னு ஒட்டும்.

மண்டோர் மாயாண்டி தோட்டத்து வழக்கப்படி ஒரு வழி சொன்னாரு. எந்தப் பூச்சி வந்தாலும் அங்க அதுதான் வழி. ஆளுக்கு ஒரு சிகரெட் டின், அடியில கொஞ்சம் மண்ணெண்ணெய். பொறுக்கிப் போட்டு டின் நெறைஞ்சதைக் காட்டணும், காட்டுனாத்தான் வீட்டுக்குப் போகலாம். வண்டு, கம்பளிப்பூச்சி எல்லாம் அப்படிப் புடிச்சே பழகுனவங்க.

இப்ப நீங்களே யோசிங்க. கடுகை விடச் சின்ன பேனைப் பொறுக்கி எப்ப டின் நெறையிறது? அந்தச் செடியிலயே வேற ஒண்ணு ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. கறுப்பா, முதுகுல ஆரஞ்சுப் புள்ளி வச்சு, முதலைக்குட்டியைச் சுருக்குன மாதிரி. பாத்தாலே இதுதான் பேனுக்கெல்லாம் தாய்னு தோணும். கூடவே செவப்பு வண்டும். கைக்கு நல்லா வாகா வந்துச்சு. எல்லாரும் அதைத்தான் பொறுக்குனாங்க. பஞ்சாலைக்குக் கை வேகம், அதோட மனசுல புள்ள. மத்தவங்க ஒரு டின் போடுறதுக்குள்ள ரெண்டு டின் போட்டுட்டா. மாயாண்டி எல்லார் முன்னாலயும் அவளைப் பாராட்டுனாரு.

* எனக்கு இது பொறிவண்டுக் குஞ்சுன்னு தெரியும், ஏன்னா போன்ல தேடுனேன். அவங்ககிட்ட போன் இல்ல. சிரிக்காதீங்க.

எட்டே நாள்ல செடியெல்லாம் எண்ணெய் பூசுன மாதிரி மினுங்குச்சு. பேன் முன்னைய விட அஞ்சு மடங்கு. சனிக்கிழமை காலையில பெரட்டுல, அதான் விடியக்காலம் ஆளுங்களை நிக்க வச்சு பேர் கூப்புடுற எடத்துல, மாயாண்டி சொல்லிட்டாரு: வர்ற வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் புடுங்கிக் கொளுத்தணும்.

4

மாயாண்டியைக் கெட்டவனா எழுதத்தான் நெனச்சேன். மீசையெல்லாம் வச்சு ஒரு பாரா எழுதுனேன்: "அவரது கண்களில் இரக்கம் என்பதே" அங்கேயே நின்னுக்கிச்சு.

ஏன்னா அவரு சொன்னதுல ஞாயம் இருக்கு. வேலிக்குள்ள அடைபட்ட லயத்துல ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நாலு பயத்தங்கொடி, ரெண்டு கத்திரிச் செடி. அரிசியே அளந்து குடுக்குற காலம். பேன் அங்கயும் தாவுனா எல்லார் சட்டியும் காலி. அவருக்கும் வீட்டுல ஆறு வயசுல ஒரு பொண்ணு இருந்துச்சு.

பஞ்சாலைக்கும் இது தெரியும். அதான் அவ சண்டைக்குப் போகல. தெனமும் மத்தியானம் வேலை முடிஞ்சதும், புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, அந்தச் செடிங்களைப் பாத்துக்கிட்டு சும்மா நிப்பா. கொளுத்தப் போறதைப் பாத்துக்கிட்டு நிக்கிறது ஒரு மாதிரி பழக்கம் ஆயிடும் போல.

5

திங்கக்கிழமை மத்தியானம்தான் அதைப் பாத்தா.

கயித்துக்கு அந்தப் பக்கம் ஏழு செடி. அங்க யாரும் பூச்சி பொறுக்கல, பொறுக்க முடியாது. எஸ்.சி., அதான் காவலுக்குப் போட்ட ஸ்பெஷல் கான்ஸ்டபிள், துப்பாக்கியோட நிக்கிறான். கவனிப்பே இல்லாத அந்தச் செடி, இந்தப் பக்கத்துச் செடியை விடக் கொஞ்சம் நிமிந்து நின்னுச்சு.

கண்ணு ஏமாத்துதோன்னு நெனச்சா. மறுநாளும் பாக்கணும், ஆனா நேத்து எப்படி இருந்துச்சுன்னு எப்படி ஞாபகம் வச்சுக்கிறது? எழுதத் தெரியாது. பால்மரத்துல தொங்குற மங்கு ரெண்டு எடுத்துக்கிட்டா. கயித்துக்கு இந்தப் பக்கம் நேரெதிரா ஏழு செடி, அந்தப் பக்கம் ஏழு செடி. சாயங்கால வெயிலுக்கு எதிரா பாத்தா எலைக்குள்ள பேன் புள்ளி புள்ளியாத் தெரியும், தொடவே வேணாம். கொழுந்து முழுக்கப் பேன் அப்புன செடிக்கு ஒரு ரப்பர் கொட்டை. இந்தப் பக்கத்துக்கு ஒரு மங்கு, அந்தப் பக்கத்துக்கு ஒரு மங்கு.

திங்கக்கிழமை: இங்க ஏழு கொட்டை, அங்க அஞ்சு.

செவ்வாய்: இங்க ஏழு, அங்க மூணு.

புதன்: இங்க ஏழு. அங்க ஒண்ணு.

புதன்கிழமை அவ கயித்துக்கிட்ட மண்ணுல படுத்துப் பாத்தா. புள்ளையும் பக்கத்துல படுத்துக்கிட்டான், வெளையாட்டுன்னு நெனச்சு. ஆரஞ்சுப் புள்ளி வச்ச அந்தக் கறுப்புப் பூச்சி ஒரு பேனைக் கவ்வித் தின்னுச்சு. தின்னு முடிச்சு அடுத்ததுக்குப் போச்சு.

ரெண்டு டின்.

(இந்த எடத்துல அவ அழுதான்னு எழுதுனேன், அடிச்சேன். மூணு தடவ எழுதி மூணு தடவ அடிச்சேன். அவ எழுந்து மண்ணைத் தட்டிக்கிட்டா. அவ்வளவுதான்.)

டிரஸ்ஸர்கிட்ட ஓடுனா. அவரு வந்து கண்ணாடியைத் தூக்கி நெத்தியில விட்டுக்கிட்டு எட்டிப் பாத்தாரு. "இது பொறிவண்டிண்ட குஞ்சு போல கிடக்கு, பிள்ளை. நல்ல பூச்சி. ஆனா பயிர் விசயத்தில மண்டோருக்கு நான் சொல்ல ஏலாது. நீர்தான் சொல்லோணும்"னுட்டுப் போயிட்டாரு.

6

இந்தப் பகுதி முழுக்க என் கற்பனை. ஆனா இது இல்லாம எனக்குக் கதை நகரல.

வேலியோரம் காவலுக்கு நின்ன எஸ்.சி. வீரமுத்து. பக்கத்துத் தோட்டத்துப் பையன், காக்கிச் சட்டை அவனுக்கு ரெண்டு சைஸு பெரிசு. பஞ்சாலை மூணு நாளா கயித்துக்கிட்ட கொட்டையை வச்சு எண்ணுறதைப் பாத்து, இந்த அக்காவுக்கு மண்டையில ஏதோ ஆயிப்போச்சுன்னு நெனச்சிருக்கான். அவ விசயத்தைச் சொன்னா. அந்தப் பூச்சியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொண்டாந்து விடணும், ஒரே ஒரு தடவ கயிறு தாண்டிக்கவா தம்பின்னு கேட்டா.

முடியாதுன்னுட்டான். உத்தரவு உத்தரவுதான்.

அவ திரும்பி நாலடி போயிருப்பா.

"அக்கா," ன்னான். "நீ வரக்கூடாதுன்னுதானே உத்தரவு? நான் இந்தப் பக்கம்தானே நிக்கிறேன். எத்தன வேணும்?"

துப்பாக்கியைத் தோள்ல மாட்டிக்கிட்டு, ரெண்டு வெரலால எலையோட கிள்ளி, கயித்துக்கு மேல கை நீட்டி அவ மங்குல போட்டான். கடிக்குமான்னு ஒரு தடவ கேட்டான். காட்டுல இருக்குறவங்களுக்குப் பயப்படாதவன் இதுக்குப் பயந்தான். புதன்கிழமை பதினாலு, வியாழக்கிழமை இருவது. பஞ்சாலை ஒவ்வொண்ணையும் தானே கொண்டு போய் கொழுந்துல விட்டா. தான் கொன்னதை ஒண்ணொண்ணாத் திருப்பிக் குடுக்குற மாதிரி.

7

ஆனா ரெண்டு நாள்ல செடி தேறிடுமா? தேறாது. வெள்ளிக்கிழமை காலையில பயிரு பாக்க அசிங்கமாத்தான் இருந்துச்சு. பேசித்தான் ஆகணும்.

பெரட்டுல எல்லார் முன்னாலயும் மண்டோர்கிட்ட, உங்க டின் கணக்கு தப்புன்னு ஒரு பொம்பள சொன்னா என்ன ஆகும்? பால்மரம் வெட்ட காட்டோரத்து நெரைதான் கெடைக்கும். அந்த வருசம் காட்டோரத்து நெரைக்குப் போறதுன்னா என்னன்னு பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க.

முடிவு ஒண்ணு: "மாயாண்டி மங்கை எட்டி உதை" (வேணாம்.)

முடிவு ரெண்டு: தொரை ஜீப்புல வந்து எறங்கி, பஞ்சாலை தோளைத் தட்டி (எந்தத் தொரை ரப்பர் கொட்டையை எண்ணிப் பாத்தான்?)

முடிவு மூணு. இதுல பாதிதான் எழுத முடிஞ்சுச்சு:

பஞ்சாலை வரிசையிலேருந்து வெளிய வந்து ரெண்டு மங்கையும் மாயாண்டி காலடியில வச்சா.

"அண்ணே, ரெண்டு டின் போட்டது நான். நல்ல பூச்சியை அதிகமாக் கொன்னவ நான்தான். தப்பு என் கையில. இந்த மங்கு யாரும் கை வைக்காத செடி. இந்த மங்கு நான் கை வச்ச செடி. எண்ணிப் பாருங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் குடுங்க, அப்பவும் இப்படியே இருந்தா நானே கொளுத்துறேன்."

தப்பைத் தன் மேல போட்டுக்கிட்டா பாருங்க. அவரு தலை குனிய வேண்டிய எடத்துல தான் குனிஞ்சுக்கிட்டா.

மாயாண்டி குனிஞ்சாரு. தெனமும் ஆளு எண்ணுற மனுஷன். ஏழு எண்ணுனாரு. அந்தப் பக்கத்து மங்குல அன்னைக்கு ஒரு கொட்டை கூட இல்ல. நிமிந்து

8

நிமிந்து என்ன சொன்னாரு? ரெண்டு மாசமா இந்த வரியிலதான் நிக்கிறேன். சரி, கொளுத்திட்டாங்கன்னே முடிச்சுடலாம்னு நேத்து உக்காந்தேன். முடிக்கிறதுக்கு முன்னால மொதல் பகுதியை ஒரு தடவ படிச்சேன், எழுத்துப்பிழை பாக்க.

படிச்சா, அந்த அம்மா சொல்லியிருக்காங்க: மூக்கைப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சேன்னு.

அவங்க மாயாண்டியோட மக. ஆறு வயசு. பயிரைக் கொளுத்தியிருந்தா அவங்க எதைக் குடிச்சாங்க? கொளுத்தாம வுட்டது மட்டும் இல்ல, மனுஷன் தன் சொந்தப் பொண்ணுக்கும் அந்தப் பாலை வாங்கிக் குடுத்திருக்காரு.

அந்த ஐயா சொன்னதையும் பாத்தேன். "நான் ஒத்தப் புள்ள." பஞ்சாலைக்கு வேற புள்ள கெடையாது. அப்ப அவருதான் அர்ச்சுனன். ஒன்றரை வயசுல நடக்காம உக்காந்துட்ட புள்ள, எழுபது வயசுல கல்யாண வீட்டுல நின்ன கால்லயே அரை மணி நேரம் சண்ட போட்டுச்சு. முடிவு என் காதுல விழுந்துக்கிட்டே இருந்திருக்கு, நான்தான் கை கழுவிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஆனா அந்த ஒரு வரி மட்டும் இன்னும் என்கிட்ட இல்ல. அதை நான் இட்டுக்கட்ட விரும்பல.

ஐயா, அம்மா, நீங்களோ உங்க புள்ளைங்களோ இதைப் படிச்சா, நான் வச்ச பேரையெல்லாம் மன்னிச்சுட்டு, மண்டோர் அன்னைக்கு நிமிந்து என்ன சொன்னாருன்னு கீழ எழுதுங்க. மத்தவங்க, நீங்க அந்த எடத்துல நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கன்னு எழுதுங்க. ஒரு வரி போதும். அதைப் போட எட்டாம் பகுதிக்கு மேல எடம் விட்டு வச்சிருக்கேன்.