பன்னிரண்டு கட்டத்தில் ஒன்பது ரிஜெக்ட்

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் மதிய இடைவேளை ஒன்றரை மணி நேரம். ஆண்களெல்லாம் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். தையல் ஹாலில் நாற்பது பெண்கள் மட்டும். அந்த நேரம் முழுக்க எங்கள் ராஜ்ஜியம்தான். எண்பத்து மூன்றாம் வருஷம் அந்த ராஜ்ஜியத்தின் ஆஸ்தானப் புலவர் நான், ஜெபராணி.

பாதிக்கு மேல் உருது பேசும் வீட்டுப் பெண்கள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அதனால் வாரப் பத்திரிகையில் வரும் காதல் படக்கதையை நான் உரக்கப் படித்துக் காட்டுவேன். நாயகனுக்குக் கட்டைக் குரல், நாயகிக்குக் கீச்சுக் குரல். பத்திரிகையை வாங்குவது என் தம்பி ஆபேல். வியாழக்கிழமை ராத்திரியே படித்து முடித்து, "அக்கா, இந்த வாரம் சூப்பரு" என்று என் பையில் வைத்துவிடுவான்.

கதை பதினாலு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. நாயகன் அவள் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவான். அவள் முறைப்பாள். இவன் சிரிப்பான். அந்த வெள்ளிக்கிழமை நான் படித்த பக்கத்தில் ஒருபடி மேலே போய், கோபத்தில் அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தான். அடுத்த கட்டத்தில் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு வெட்கப்படுகிறாள்!

"உன் கை பட்ட இடம் பூவாய் மலர்ந்ததடா!" என்று கீச்சுக் குரலில் இழுத்தேன். ஹாலே சிரித்தது. எல்லோரும் ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் மூத்த தையல்காரி குர்ஷித் நெஞ்சில் கை வைத்து "ஹாய்" என்று பெருமூச்சு விட்டாள். எனக்கும் ஏக குஷி.

சிரிக்காதவள் நசீமுன்னிசா ஒருத்திதான். பேரணாம்பட்டுப் பெண், வயது பதினெட்டு. அவள் தைத்த அப்பரில், அதாவது ஷூவின் மேல்பாகத்தில், நான் குறை கண்டுபிடித்ததே இல்லை.

"அக்கா, திங்கக்கெழமைலேருந்து நான் வேலைக்கு வர்ல" என்றாள்.

"இன்னா ஆச்சு?"

"தெனம் சாயந்திரம் ஒருத்தன் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறான். அதே பஸ்ல பேரணாம்பட்டு வரைக்கும் வர்றான். நேத்து என் பையப் புடிச்சு இழுத்தான். வீட்ல தெரிஞ்சா அண்ணன் நிறுத்திடுவாரு. அதுக்கு முன்னால நானே நின்னுடறேன்."

குர்ஷித் விடவில்லை. "அடி பைத்தியமே, உனக்கு ஹீரோ கெடச்சிட்டான்னு சொல்லு!"

"தமாஷ் பண்ணாதீங்க ஆபா. அவனும் அதேதான் சொல்றான். 'இப்ப மொறைப்ப, அப்புறம் நீயே சிரிப்ப'ன்னு."

மூன்று வாரத்துக்கு முன்னால் கட்டைக் குரலில் அதே வரியைப் படித்து நான் கைதட்டல் வாங்கியிருந்தேன். சிரித்துக்கொண்டே இந்த அசிங்கத்தை வாராவாரம் பரிமாறியவள் நான்தான். வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது.

என் வேலை செக்கிங். தையல் தவறிய அப்பரில் வெள்ளிப் பென்சிலால் வட்டம் போட்டு ரிஜெக்ட் பெட்டியில் எறிவது. பென்சிலை எடுத்தேன். அறை விழும் கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

"ரிஜெக்ட்!" என்று கத்தினேன்.

முதலில் குர்ஷித்தே எழுந்து வந்தாள். பக்கத்தை உற்றுப் பார்த்தாள். கன்னத்தைத் தடவும் நாயகியை விரலால் தட்டினாள். "என் வீட்டுக்காரரு அறைஞ்சா எனக்குப் பூ பூக்கல, காதுதான் அடைச்சுது. இதுக்கும் போடு வட்டம்."

அவ்வளவுதான், ஒரே அமளி! நான் நீ என்று மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். "அவ வேணாம்னு சொல்றா, இவன் கையப் புடிக்கிறான். போடு!" "சைக்கிள மறிக்கிறான், போடு!" "அழுதாத்தான் அழகா இருக்காளாம். போடு, ரெண்டு வட்டமா போடு!" வாரக்கணக்காக அவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கேட்க ஒருவரும் இல்லை, நான் உள்பட. பன்னிரண்டு கட்டத்தில் ஒன்பது ரிஜெக்ட். பாஸானவை ஒரு மரம், ஒரு பஸ், நாயகியின் அம்மா சோறு போடும் காட்சி.

எல்லோரும் இடத்துக்குத் திரும்பியதும் நசீமுன்னிசாவைத் தனியே கூப்பிட்டேன். "யார்ரீ அவன்? பேரு தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்தாள். "உங்க தம்பி, அக்கா. 'ஜெபராணி தம்பின்னா தெரியாதா'ன்னு அவனே சொன்னான்."

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை எத்தனை அப்பர் பார்த்தேன், எதைப் பாஸ் பண்ணினேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

ஐந்தரைக்கு அவளோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். குர்ஷித்தும் கூடவே வந்தாள். பேரணாம்பட்டு பஸ் பக்கத்தில், தலையைப் படிய வாரிக்கொண்டு ஆபேல் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்தது.

"நீ ஏங்க்கா இங்க..."

"நீ ஏண்டா இங்க?"

"அக்கா, உனக்குத் தெரியாததா? கதைல கூட மொதல்ல அவ இப்படித்தானே..."

என் கை தானாக ஓங்கியது. நசீமுன்னிசா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காதீங்க அக்கா. கதைலதான் எல்லாத்துக்கும் அடிக்கிறாங்க."

பிறகு அவனைப் பார்த்தாள். "எனக்கு உங்களப் புடிக்கல. நேத்தும் புடிக்கல, நாளைக்கும் புடிக்காது. மொறைச்சது நிஜம். பயந்தது நிஜம். என் பின்னால வராதீங்க."

பதினாலு வாரத்தில் ஆபேலுக்கு யாரும் இந்தக் கட்டத்தைக் காட்டியிருக்கவில்லை. பஸ் கிளம்பியது, அவள் மட்டும் ஏறினாள். அவனை நான் வீட்டுக்கு இழுத்து வந்தேன். அன்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிச் சங்கு ஊதியது. நசீமுன்னிசாவின் மிஷின் காலியாக இருந்தது. எட்டேகாலுக்கும் காலிதான். என் தம்பியால் ஒரு பெண்ணின் வேலை போய்விட்டதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எட்டரைக்கு வாட்ச்மேன் கூப்பிட்டார். கேட்டில் நசீமுன்னிசாவும், புர்கா அணிந்த ஓர் அம்மாவும் நின்றிருந்தார்கள்.

"நான் இவ அம்மா, முனவ்வர் பேகம். எல்லாத்தயும் இவளே சொல்லிட்டா. பெரியவன் வேலைக்கே வேணாம்னான், நான் ஒத்துக்கல. கூடப் பொறந்தவனையே நீ தட்டிக் கேட்டியாமே, அதான் உன்ன ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் அந்த அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவள உன்கிட்டதான் வுட்டுட்டுப் போறேன். சாயந்திரம் நீதான் பஸ் ஏத்தி அனுப்பணும், இன்னா?"

எனக்கு ஒரே சந்தோஷம். தலையைத் தலையை ஆட்டினேன். "கண்டிப்பாம்மா, தெனம் நானே ஏத்தி வுடறேன்!"

"வேணாம் அம்மீ" என்றாள் நசீமுன்னிசா. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். "நானே ஏறிக்குவேன்."