கட்டுக்கலை வீட்டில் திரு இருதயப் படம்

…இன்னும் இரண்டு பிள்ளைகள்தான், அந்தப் பச்சைச் சேலைக்காரியின் மகள், அதற்குப் பின்னால் ஒரு இரட்டைச் சடைக்காரி, அப்புறம் நாம்தான், கடவுளே, கை ஏன் இப்படி வியர்க்கிறது, மரியகொறற்றி கைலேஞ்சியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். மடியில் மகள் ஜெனிற்றா, பக்கத்துக் கதிரையில் புருஷன் வலன்ரைன், காலை ஆட்டுகிறார், ஆட்டிக்கொண்டே இருக்கிறார், மனுஷன் பயந்தால் இப்படித்தான். கன்னியர் பாடசாலையில் முதலாம் வகுப்புக்குக் கடைசி நேர்முகம். பாடசாலைக்குக் கிட்டக் குடியிருக்கிறவர்களுக்குத்தான் இடம், சிஸ்டர் வந்து வீடு பார்த்தாயிற்று, கடதாசி எல்லாம் கொடுத்தாயிற்று, இனி உள்ளே போய், ஐந்து வருடமாகக் கண்டி டவுனில் கட்டுக்கலையில் குடியிருக்கிறோம் என்ற தாளில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்… அவ்வளவுதானா? பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்து அறையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள் ஒரு கையெழுத்தில் கட்டுக்கலைக்காரி ஆகிவிடுவாளா? ஆகலாம், வலன்ரைனின் அத்தை மகன் சுவக்கின் கெட்டிக்காரன், ஜெனிற்றா பிறந்த வருடமே தன் கட்டுக்கலை வீட்டு விலாசத்தில் இவர்கள் பெயரை வாக்காளர் இடாப்பில் ஏற்றிவிட்டான்.

பெயர் ஏறினால் போதுமா, வீடு பார்க்க வருவார்களே, அதற்காகப் போன வாரம் பிள்ளையின் செருப்பு, பல் துலக்கும் பிரஷ், கலியாணப் போட்டோ எல்லாம் சுவக்கின் வீட்டுக்குப் போயின, எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் அந்தப் படம்? அதை யாரும் கேட்கவில்லையே. வலன்ரைன்கூட "அது எதுக்குப்பா" என்றார், அது இருந்தாத்தான் நம்ம வீடு மாதிரி தெரியும் என்றவள் இவள்தானே. கலியாணமான வருடம் ஃபாதர் வந்து மந்திரித்து, குடும்பமே முழந்தாளிட்டு, இந்த வீட்டுக்கு நீரே அரசர் என்று ஒப்புக்கொடுத்து லயத்துச் சுவரில் ஏற்றிய திரு இருதய ஆண்டவர் படம், அதைப் பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து… வீடு பார்க்க வந்த சிஸ்டர் அலுமாரியில் கை வைத்துவிட்டார், உள்ளே முழுக்க சுவக்கின் பெண்சாதியின் சேலைகள், இவளுக்கு உயிரே போய்விட்டது, அந்த நேரம் சிஸ்டர் நிமிர்ந்து படத்தைக் கண்டார், கையை எடுத்தார், சிலுவை போட்டுக்கொண்டார். "இருதயநாதர வச்சிருக்கிற வீட்டுல நான் என்னத்தப் பாக்கிறது மகள்." அதற்கு இவள் சிரித்தாள். சிரித்தாளே, வெட்கங்கெட்டவள்! ஆண்டவரைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்ப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தாயிற்று, அந்த நாளிலிருந்து ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

சும்மா இரு மனமே, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் மாற்றலாகிப் போய் வருடமாகிறது, வேறு ஆள் வரவில்லை, இரண்டு வகுப்புக்கு ஒரே டீச்சர், அங்கே படித்த நீ என்னத்தைக் கிழித்தாய், ஜெனிற்றாவும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டவா? அப்புறம் ஃபாதரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம்… செய்யலாம், ஆனால் இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே செய்த பாவத்துக்கு எப்படி மனஸ்தாபப்படுகிறது? நிஜமாகவே கட்டுக்கலையில் இருக்கிற ஒரு பிள்ளை வெளியே நிற்குமே, அது யார், இந்தப் பச்சைச் சேலைக்காரியின் மகளா? அந்தத் தாய் திரும்பி இவளைப் பார்த்துச் சிரித்தாள், ஐயோ, சிரிக்காதே தாயே.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பிறகு இவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். வீடு பார்க்க வந்த அதே சிஸ்டர்தான் மேசைக்குப் பின்னால் இருந்தார். "மகள் எங்க இருக்கீங்க?" என்று பிள்ளையைக் கேட்டதும் ஜெனிற்றா கைகளைக் கூப்பி, செபம் சொல்கிற அதே ராகத்தில், "இருபத்தி மூணாம் நம்பர், கட்டுக்கலை, கண்டி" என்றாள், ஒரு எழுத்துத் தடுக்கவில்லை. இரண்டு வாரமாக செபமாலை முடிந்ததும் சொல்லிக்கொடுத்த பாடம், பிழை விடாமல் சொன்னால் ஒரு டொபி. சிஸ்டர் கன்னத்தைத் தட்டினார். வலன்ரைன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனையை நீட்டினார், இவள் வாங்கினாள், பேனை தாளைத் தொட்டது, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, போட்டுவிடு, ஒரே கோடுதானே, போடு…

"சிஸ்டர், நாங்க அங்க இல்ல. பன்வில தோட்டத்துலதான் இருக்கோம். அந்தப் படத்தையும் நாந்தான் கொண்டுபோய் மாட்டினேன்."

"கொறற்றி!" என்றார் வலன்ரைன். சிஸ்டர் தாளை எடுத்துக் கோப்புக்குள் வைத்து மூடினார். "இனி என்னால ஒண்ணும் செய்ய ஏலாது மகள்."

தெரியும் சிஸ்டர், தெரிந்துதான் சொன்னேன், அப்படியும் நெஞ்சு இப்படியா வலிக்கும். வலன்ரைன் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போகிறார், இன்றைக்குப் பேசமாட்டார், நாளைக்கும் பேசமாட்டார், போகட்டும், ஒரு வாரமாகக் கழுத்தில் கிடந்த கல் இறங்கிவிட்டது, இறங்கிவிட்டதுதானே? படியில் ஜெனிற்றா சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நான் பிழை விடாமதானே சொன்னேன்? டொபி?"

மரியகொறற்றி பிள்ளையிடம் குனிந்தாள். தன் பொய்யைச் சிஸ்டரிடம் சொல்லியாயிற்று, இந்தச் சின்ன வாயில் கொண்டுபோய் வைத்ததை இனி எப்படி எடுக்கிறது? பிள்ளை கையை நீட்டியபடி நின்றாள்.