பயணிகளின் கவனமான கனிவிற்கு

...ஒட்டிக்கொண்டால் தீர்ந்தது, இவ்வளவுதானே, செருப்பு கடித்த இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரி மாதிரி ஒன்று, அதைவிடவும் மெல்லியது, நிறமே இல்லாதது... இடுப்புக்குக் கீழே பவுடரும் எண்ணெயும் படாத இடமாகப் பார்த்து, உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா தன் இடுப்பிலேயே கை வைத்துக் காட்டினார், வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றினால் போதுமாம், ராத்திரி படுக்கும்போது ஒரு மாத்திரை தனியாக, அது கர்ப்பப்பைக்குக் காவல்... அங்கே உட்கார்ந்து கேட்கும்போது எல்லாம் சரியாகத்தான் பட்டது. போன வாரத்திலிருந்து அந்த உறை என் கைப்பையில் கண்ணாடிக்கூட்டுக்கும் சீப்புக்கும் நடுவே கிடக்கிறது, பையைத் திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து முழிக்கிறது, நானும் பதிலுக்கு முழித்துவிட்டு மூடிவிடுகிறேன். இன்றைக்கு எப்படியும் ஒட்டிவிடுவது என்று காலையில் நினைத்தேன், குளித்து முடித்ததும் மறந்தேன், மறந்தேனா, மறந்த மாதிரி இருந்தேனா... மதியப் பணிக்கு வந்தாயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நான்கு நடைமேடைகள், காத்திருக்கிற ஜனம். இந்த ரயில் நிலையத்தில் என் முகம் யாருக்கும் தெரியாது, குரலைத் தெரியாதவர்கள் கிடையாது.

இந்த அறிவிப்பு அறைக்கு ஒரு சட்டம் உண்டு, மைக்கின் பொத்தானை அழுத்துவதற்கு முன் விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மாவு மில்லுக்குள் நின்றுகொண்டு பேசுகிற மாதிரி கேட்கும்... சுவரில் ஏசி என்று ஒன்று இருக்கிறது, அது விசிறியைவிடச் சத்தம், ஆகையால் அதற்கு நிரந்தர ஓய்வு. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை, விசிறியை நிறுத்து, பேசு, விசிறியைப் போடு, கை தானாகச் செய்யும். இப்போது இரண்டு வருஷமாக அந்தச் சூடு வந்து சேர்ந்திருக்கிறதே, மார்பிலிருந்து கிளம்பும், கழுத்தைப் பிடிக்கும், காதுமடல் வரைக்கும் ஏறும், உள்ளே யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போய்விட்ட மாதிரி... அதற்கு நேரங்காலம் கிடையாது, ஆனால் விசிறியை நிறுத்திய கையோடு வருவதில் அதற்கு ஒரு தனி குஷி. சூடு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு போய்விடலாம், வார்த்தைகளையும் அல்லவா அது இழுத்துக்கொண்டு போகிறது. ராத்திரி மூன்று முறை நான்கு முறை நனைந்து எழுந்தவளுக்குப் பகலில் வாய் எப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கும்? இருபத்தைந்து வருஷமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற வரி, பயணிகளின் கனிவான கவனத்திற்கு, அதை ஒரு நாள் நான், பயணிகளின் கவனமான கனிவிற்கு, என்று சொன்னேன். நிலையம் முழுக்க, நான்கு நடைமேடைக்கும், தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு. ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதியா வருத்தமா என்று இன்றுவரை தெரியாது. நிலைய மேலாளர் மட்டும் கதவைத் திறந்து தலையை நீட்டி, "மேடம், ஜனங்க கனிவா இருக்கணும்னா முதல்ல வண்டி நேரத்துக்கு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

ஆனால் அடுத்தது சிரிக்கிற மாதிரி இல்லை... இரண்டாவது நடைமேடை என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான்காவது என்று சொல்லிவிட்டேன். எதிரே தாளில் இரண்டு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, கண் படிக்கிறது, உள்ளே அடுப்பு எரிகிறது, வாய் நான்கு என்கிறது. கூட்டம் மொத்தமும் மேம்பாலத்தில் ஏறியது. திருத்திச் சொன்னேன், மறுபடியும் சொன்னேன், ஏறினவர்கள் எல்லாம் இறங்கி ஓடினார்கள், பெரிய பெட்டியோடு வந்த ஓர் அம்மாள் மட்டும் பாலத்தின் நடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார், வண்டி போய்விட்டது. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவர் சும்மா ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார், நீயுமா என்று கேட்கிற மாதிரி. அன்றைக்குச் சாயங்காலமே டாக்டரம்மாவிடம் நேரம் கேட்டேன். அதுவரைக்கும், எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே, நாம் மட்டும் என்ன விசேஷம், என்று தள்ளிப்போட்டு வந்தவள், குரலில் கை வைத்ததும் பொறுக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும், ஆனால் எதையும் மழுப்பாமல் பேசுகிற பெண், எனக்குப் பிடித்துப்போயிற்று. மாதவிலக்கு நின்றதும் உடம்பில் வற்றிப்போகிற ஹார்மோன்தான் அந்தப் பிளாஸ்திரியில் இருக்கிறது, சூடு குறையும், தூக்கம் வரும், எலும்புக்கும் நல்லது, மாத்திரையாக விழுங்குவதைவிடத் தோலில் ஒட்டுவதில் ரத்தம் கட்டுகிற பயம் குறைவு, ஒரே ராத்திரியில் எதுவும் மாறாது, சில வாரமாவது பொறுக்கணும்... பிறகு அந்த இன்னொரு பக்கத்தையும் சொன்னார். மார்பகப் புற்று வருகிற வாய்ப்பு கொஞ்சம் கூடும், வருஷக்கணக்காகப் போட்டால் கூடுதலாகக் கூடும். "கொஞ்சம்னா எவ்வளவு டாக்டர்?" "ஆயிரம் பேர் அஞ்சு வருஷம் போட்டுக்கிட்டா, கூடுதலா வர்றவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்." விரல் விட்டு எண்ணிடலாம்... நான் என் விரல்களைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். அக்காவுக்கு வந்திருக்கிறது என்று அப்போதுதான் சொன்னேன். உடனே பேனாவை வைத்துவிட்டு எந்த வயதில், எந்தப் பக்கம், வேறு யாருக்காவது என்று துருவித் துருவிக் கேட்டார், அக்காவின் பரிசோதனைத் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார், எனக்கும் மார்பகத்தைப் படம் எடுக்கச் சொன்னார், அது நன்றாகவே இருந்தது, ஹார்மோன் இல்லாத வேறொரு மாத்திரையை முதலில் கொடுத்துப் பார்த்தார், அதில் குமட்டலும் தலைசுற்றலும்தான் மிச்சம். கடைசியில், "உங்க அக்காவுக்கு வந்ததால உங்களுக்குத் தரவே கூடாதுன்னு இல்ல. சும்மா தூக்கிக் கொடுத்துடவும் முடியாது. நான் யோசிச்சுட்டேன், தரலாம்னுதான் நினைக்கிறேன். ஆனா ஒட்டிக்கிறது நீங்க" என்றார். நீங்களே சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சாத குறைதான்... இருபத்தைந்து வருஷமாக ஊரையே இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று அனுப்புகிறவளுக்குத் தனக்கு எந்த நடைமேடை என்று தெரியவில்லை.

வீட்டில் கேட்டால் மட்டும்? மகள் வேலை பார்க்கிற ஊரிலிருந்து ஃபோனில் பொரிந்து தள்ளினாள், அம்மா அந்தப் பயமெல்லாம் பழைய ஆராய்ச்சிம்மா, அறுபது எழுபது வயசுக்காரங்களையும் சேர்த்து வெச்சுப் பண்ணது, உனக்கு நின்னு ரெண்டு மூணு வருஷம்தானே ஆச்சு, கண்ணை மூடிட்டு ஆரம்பி... கண்ணை மூடினால்தான் தூக்கம் வருவதில்லையே என்றேன். வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், இரண்டு பக்கமும் பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டார், பார்த்தபின்பும் சொல்ல மாட்டார். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றார், அவர் காலடியில் எப்போதும் ஒரு தனி பிரேக் இருக்கும், அதிலேயே காலை வைத்துக்கொண்டு. பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. ராத்திரி நான் போர்வையை உதைக்கிறதும் ஜன்னலைத் திறக்கிறதும் திரும்ப மூடுகிறதுமாக இருந்து, இப்போது கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறார். குறட்டை சத்தம் அங்கிருந்து வரும்போது எனக்குப் பொறாமையில் அழுகை வந்திருக்கிறது, உண்மையாகவே, உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இவர்களிடமெல்லாம் கேட்டாயிற்று, சொல்லியாயிற்று. அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. அவளிடம்தானே தாள்களை வாங்கினாய், அப்போது என்ன சொன்னாய்? சும்மா ஒரு செக்கப், நம்ம குடும்பத்துல என்னென்ன இருக்குன்னு கேக்கறாங்க... அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்றால்... அக்கா கணக்கு டீச்சர், ஓய்வு பெற்ற வருஷமே அந்த வியாதி வந்தது, ஆபரேஷன், கீமோ, கதிர் சிகிச்சை, முடி போய் முடி வந்து, இப்போது தினம் ஒரு மாத்திரை. அது என்ன செய்கிறது என்றால் உடம்பில் மிஞ்சியிருக்கிற கொஞ்சநஞ்ச ஹார்மோனையும் ஊறவிடாமல் அடைத்துவிடுகிறது, வியாதிக்கு அதுதானே தீனி. அதனால் அவளுக்கும் சூடு, என்னுடையதைவிட மோசம். 'அடுப்பு' என்று பெயர் வைத்ததே அவள்தான். "அடுப்பு பத்திக்கிச்சுடி" என்பாள், நான் "இங்க ரெண்டு அடுப்பு" என்பேன். அவள் வந்து தங்கினால் இருவரும் ஒரே விசிறிக்குக் கீழே ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சிரிப்போம், கூட்டணி என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். தினமும் இந்த நேரத்துக்கு, மதிய வண்டிகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில், அவள் ஃபோன் வரும்... இதோ, அக்கா என்றே ஒளிர்கிறது, எடுக்காமல் விட்டால் என்ன... எடுத்துவிட்டேன்.

"என்னடி, அடுப்பு எப்படி?" "எரியுது." "எனக்கும்தான், ரெண்டு தடவை குளிச்சாச்சு." வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்வேன். சொல்லவில்லை. "என்ன, மென்னு முழுங்கற?" சின்ன வயதிலிருந்தே அவளிடம் எந்த மறைப்பும் நின்றதில்லை, விடை தப்பு என்று நோட்டைத் திறக்குமுன்பே சொல்கிற ஆள். சொல்லிவிட்டேன், டாக்டரம்மா, பிளாஸ்திரி, பையில் கிடப்பது, எல்லாம், மூச்சு விடாமல். அந்தப் பக்கம் அவளுடைய விசிறி ஓடுவது கேட்டது. அதற்குள் மேசைத் தொலைபேசி அலறியது, முதல் நடைமேடைக்கு வண்டி, ஃபோனை அப்படியே மேசையில் வைத்தேன், விசிறியை நிறுத்தினேன், பொத்தானை அழுத்தினேன், ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லி முடித்தேன், எப்படி முடிந்தது என்று தெரியவில்லை, வியர்வை கண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஃபோனை எடுத்தபோது அவள் இன்னும் இருந்தாள். "என்கிட்டேருந்து வழிச்சு எடுக்கறதை உனக்கு ஒட்டி விடறாங்களா?" என்று கேட்டாள். கோபமா, கேலியா, இரண்டும் இருந்தது. "ஆக கட்சி தாவிட்ட." நான் சிரிக்க முயன்றேன், முடியவில்லை, இன்னும் ஒட்டல அக்கா என்றேன், குழந்தை மாதிரி. "ஏன் ஒட்டல?" "பயமா இருக்கு." "எனக்கும் பயம்தான். உனக்கும் வந்துடுமோன்னு நான் உன்னைவிட முன்னாடியே பயந்தாச்சு. படம் எடுத்தாங்களா? நல்லா இருக்கா? வருஷா வருஷம் எடுக்கணும், தள்ளிப் போடக் கூடாது, நான் போட்ட மாதிரி." டீச்சர் குரல் வந்துவிட்டது, எனக்கு உயிர் வந்தது. "அப்ப ஒட்டிக்கட்டுமாக்கா?" "என்னை எதுக்குடி கேக்கற, நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?" பிறகு வைக்கப் போகிறவள் மாதிரி இழுத்தாள், வைக்கவில்லை. "தூக்கம் வந்துச்சுன்னா சொல்லு. விடிய விடிய ஒரே தூக்கமா... எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. எனக்கு மறந்தே போச்சு." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அடுத்த வண்டிக்கு நேரம் இருக்கிறது. கழிவறையில் தாழ் போட்டுவிட்டு, டாக்டரம்மா காட்டிய இடத்தில், நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டினேன், உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். ஒன்றும் தெரியவில்லை, லேசாகத் தோலை இழுக்கிறது, மற்றபடி ஒட்டினதே தெரியாது, இதற்கா இவ்வளவு நாள்... எனக்கு மறந்தே போச்சு என்றாளே. எத்தனை வருஷமாக மறந்துபோயிற்று? ஈரத் துண்டோடு உட்கார்ந்து சிரித்தோமே, அடுப்பு அடுப்பு என்று, அவள் ராத்திரி என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதுண்டா, தனியாக இருக்கிறவள், ஜன்னலைத் திறந்து மூடுகிறாளா, விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா... அவள் அவ்வளவு சிரிக்கவைத்தாள் என்பதால் அவளுக்கு அது தாங்கக்கூடியதாக இருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கையை எடுத்துப் பார்த்தேன், நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. இனி இது வேலை செய்யுமோ செய்யாதோ, ஆறு வாரமோ எட்டு வாரமோ, ஒரு நாள் நான் விடிய விடியத் தூங்கி எழுந்துவிடக்கூடும், அதுதானே எல்லோருக்கும் வேண்டியது, எனக்கும் வேண்டியது, அன்றைக்கும் மதியம் இதே இடைவெளியில் அவள் ஃபோன் வரும். தூங்கினேன் என்று எப்படிச் சொல்வது, அவளிடம்?