கயிறு பிடிக்க ஆளில்லாத ஓட்டம்

2006ஆம் ஆண்டு வசந்தத்தில், ஒஸ்லோவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த பிலேந்திரனுக்கு ஒரேயொரு கேள்விக்குத்தான் விடை கிடைக்காமல் இருந்தது. மட்டக்களப்புப் பக்கத்துப் பாடசாலைகள் ஒன்றுசேர்ந்து வருடாவருடம் நடத்திய தடகளப் போட்டித் தொடரின் கதையை அவர் எழுதிக்கொண்டிருந்தார். சண்டை தொடங்கியதும் அந்தத் தொடர் நின்றுபோனது. கோப்பைகள் எங்கே போயின, எந்தப் பாடசாலை கோபித்துக்கொண்டு விலகியது என்பதையெல்லாம் தொலைபேசியிலேயே கேட்டறிந்துவிட்டார். ஆனால் கடைசி வருடத்தின் கடைசி ஓட்டமான பெண்கள் எண்ணூறு மீற்றரில் வென்றது யார் என்பதற்கு மட்டும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

அதில் ஓடிய யோசெப்பின் ஒஸ்லோவின் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் இருப்பதாக அறிந்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனார். அந்த ஓட்டம் வரைக்கும் யோசெப்பின் யாரிடமும் தோற்றதில்லை. இப்போது முதியோர் இல்லமொன்றில் வேலை. தேத்தண்ணீரை வைத்துவிட்டு, தயங்காமல் சொன்னார்.

"வெண்டது செல்வமலர்."

"நீங்கதான் முன்னுக்கு வந்ததா சிலபேர் சொல்லுறாங்களே?"

"ஓம், கடைசி வளைவு வரைக்கும் நான்தான். அப்பதான் வெடிச் சத்தம் கேட்டது. நான் புல்லுக்குள்ள விழுந்து படுத்திட்டன். முடிவுக்கோட்டில கயிறு பிடிச்ச ஆக்களும் படுத்திட்டாங்க. அவ மட்டும் நிக்கல்ல."

படுத்தபடியே, செல்வமலரின் கால்கள் தன்னைக் கடந்து போனதைப் பார்த்தாராம். அதற்குப் பிறகு இருவரும் சந்திக்கவேயில்லை.

பிலேந்திரனின் ஆவல் கூடியது. வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் இருந்த செல்வமலரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்து அழைத்தார். அந்தச் சத்தம் காதில் விழவில்லையா என்று கேட்டார்.

"விழுந்தது. பயந்துதான் ஓடினன். ஆனா எனக்கு முன்னால யோசெப்பின்ட முதுகு இல்லாம வெறும் நிலம் தெரிஞ்சது அண்டைக்குத்தான். அதை விட்டுட மனம் வரல்ல." என்றார் செல்வமலர். "அதை வெற்றியெண்டு நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. அவ என்ன சொன்னா?"

"நீங்கதான் வெண்டதாம்."

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது.

"அவட நம்பரைத் தாங்க."

கோடை விடுமுறையில் செல்வமலர் ரயிலில் வந்து இறங்கினார். யோசெப்பினும் பிலேந்திரனும் ஒஸ்லோ ரயில் நிலைய மேடையில் காத்திருந்தார்கள். பெண்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒருவர் மற்றவரின் நரையைத் தொட்டுப் பார்த்தார்கள். வென்றவர் என்று யாருடைய பெயரைப் போடுவது என்று பிலேந்திரன் கேட்டார்.

"அவட பேரைப் போடுங்க," என்றார் செல்வமலர். யோசெப்பின் தலையை ஆட்டி மறுத்தார்.

கதைத்துக்கொண்டே நடக்கத் தொடங்கிய அந்த இருவரின் நடை, மேடையின் நடுவில் மெல்ல வேகம் பிடித்தது. பேச்சு நின்றது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். செல்வமலரின் பெட்டியை இழுத்தபடி பின்னால் ஓடிய பிலேந்திரனுக்கு, அந்த இரண்டு தோள்களில் எது முன்னுக்கு இருக்கிறதென்று தெரியவில்லை.